காலஞ்சென்ற நெல்லையப்பனின் ஆட்சேபம்

நவம்பர் 23, ஞாயிறு

இன்று முற்பகல் கூடிய மூத்தோர் மன்றம், காலனியின் குப்பைத் தொட்டிகளைப் பச்சையிலிருந்து நீலத்துக்கு மாற்றும் செயற்குழுவின் தீர்மானத்தை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியது. இந்தக் காலனியின் வரலாற்றில் இவ்வளவு நிதானமாக ஒரு முடிவு எடுக்கப்பட்டதில்லை. நீலம் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும் என்ற என் வாதத்தைச் சவரிமுத்து ஏற்றுக்கொண்டார். அவருக்குக் காது கேட்பதில்லை. ஆனால் அவர் தலையசைப்பில் ஒரு தீர்க்கம் உண்டு.

பின்னாளில் யாராவது இதைப் படிக்கக்கூடும் என்பதால் அமைப்பை எழுதிவைக்கிறேன். பாளையங்கோட்டை பேராசிரியர் காலனிக்கு இரண்டு அவைகள். ஆண்டுதோறும், வீட்டுக்கு ஒரு வாக்கு என்ற முறையில் தேர்ந்தெடுக்கப்படும் செயற்குழு ஒன்று. அதற்கு மேல், முதன்முதலில் மனை வாங்கிய மூவர் அடங்கிய மூத்தோர் மன்றம். எங்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. பதவி வாழ்நாள் முழுமைக்கும். செயற்குழு எதைத் தீர்மானித்தாலும் மன்றத்தில் இருவர் சம்மதித்தால்தான் அது செல்லும். விதிகளை வகுத்தவன் நான். வாழ்நாளெல்லாம் அரசியல் அறிவியல் நடத்திய ஒருவனிடம் விதிகளை எழுதச் சொன்னால் அவன் ஓர் அவையோடு நிறுத்திக்கொள்வானா?

மூவரில் ஒருவன் நான். இன்னொருவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் சவரிமுத்து. மூன்றாமவர் தாசில்தார் நெல்லையப்பன். நெல்லையப்பன் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் எழுத்துமூலம் விலகினாலன்றி இடம் காலியாகாது என்பது விதி. அவர் விலகவில்லை. கூட்டத்துக்கு வராதவர் ஆட்சேபிக்கிறார் என்று கொள்ள வேண்டும் என்பது இன்னொரு விதி. வீட்டில் படுத்துக்கொண்டே யாரும் சம்மதம் தந்துவிடக் கூடாதென்று நான் சேர்த்தது. ஆகவே நான்கு ஆண்டுகளாக நெல்லையப்பன் எல்லாவற்றையும் ஆட்சேபித்து வருகிறார். உயிரோடிருந்தபோது அவர் இவ்வளவு உறுதியான மனிதர் அல்லர்.

தொட்டி விவகாரத்தை உலகம்மாளிடம் சொன்னேன். "பச்சையோ நீலமோ, குப்பை வண்டி வந்தாப் போதும்" என்றாள். என் மனைவி பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். கோட்பாடுகளில் அவளுக்கு ஆர்வமில்லை.

பால் ஒரு லிட்டர். தண்ணீர் கலந்திருக்கிறது, பால்காரர் இசக்கியிடம் சொல்ல வேண்டும்.

நவம்பர் 30, ஞாயிறு

செயற்குழுத் தேர்தல். வழக்கம்போல் நான் தேர்தல் அதிகாரி. மன்ற உறுப்பினர்கள் வாக்களிக்கக் கூடாது, அவர்கள் வீட்டு வாக்கை மனைவியர் போடுவார்கள் என்பதும் நான் எழுதிய விதியே. வெற்றுச் சீட்டில் விரும்பும் வேட்பாளரின் பெயரை எழுதிப் பெட்டியில் போட வேண்டும்.

செயலாளர் பதவிக்கு இருவர். வேதியியல் அருணாசலம், உடற்கல்வி இயக்குநர் பேச்சிமுத்து. பேச்சிமுத்துவும் நானும் ஒரே கல்லூரியில் ஒரே ஆண்டில் சேர்ந்து ஒரே நாளில் ஓய்வுபெற்றோம். நான் நூலகத்தில் இருந்தேன். அவர் மைதானத்தில் இருந்தார். இன்று பஸ் ஸ்டாண்டில் பத்து பேர் அவர் காலைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள். என்னைப் பார்த்து, "சார் எந்த டிபார்ட்மென்ட்?" என்கிறார்கள். தமிழ்நாட்டில் மேலவை ஒழிக்கப்பட்ட ஆண்டில் அதுபற்றி ஒரு கருத்தரங்கு நடத்தினேன். அதே பிற்பகலில் பேச்சிமுத்து கைப்பந்து இறுதிப்போட்டி வைத்திருந்தார். என் கருத்தரங்கின் தலைவரே இடைவேளையில் ஆட்டம் பார்க்கப் போய்த் திரும்பவில்லை. இதையெல்லாம் நான் மறந்துவிட்டேன்.

ஒரு வாக்கு வித்தியாசத்தில் பேச்சிமுத்து வென்றார். ஒரு சீட்டு செல்லாதது. அதில் பெயருக்குப் பதிலாக "கிழக்கு கேட்டைத் திறங்க" என்று கோணல்மாணலாக எழுதியிருந்தது. கிழக்கு கேட் வேட்பாளர் அல்ல என்று சபையில் அறிவித்துச் சீட்டைத் தள்ளிவைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். உலகம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

கிழக்கு வாசல், நெல்லையப்பனின் சைக்கிள் திருடுபோன காலத்தில் மன்றத்தின் ஆணைப்படி பூட்டப்பட்டது. சாவி மன்றத்தின் பொறுப்பில், அதாவது என் அலமாரியில் இருக்கிறது.

டிசம்பர் 1, திங்கள்

யாருக்கு வாக்களித்தாய் என்று உலகம்மாளிடம் சாதாரணமாகக் கேட்டேன்.

"ரகசிய வாக்கெடுப்புன்னு நீங்கதான எழுதி வச்சிய. எழுதுனவுகளே கேக்கலாமா?"

கேட்கக் கூடாதுதான். ஆனால் ஒரு வாக்கு வித்தியாசம். அது எந்த வீட்டு வாக்கு என்று அறிய விரும்புவது ஆய்வு மனப்பான்மை.

டிசம்பர் 3, புதன்

இட்லி ஊற்றும்போது உலகம்மாள் பாட்டு முணுமுணுத்தாள். தேர்தலுக்கு முன் அவள் முணுமுணுத்ததாக எனக்கு நினைவில்லை.

டிசம்பர் 6, சனி

கிழக்கு வாசலுக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், தாய் தகப்பன் இல்லாத பெண்கள் தங்கிப் படிக்கும் விடுதி இருக்கிறது. உலகம்மாள் தினமும் மாலை அங்கே போய்ப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள். கிழக்கு வாசல் பூட்டியிருப்பதால் மேற்கு வாசல் வழியாக வெளியேறி, காலனியைச் சுற்றி, லாரிகள் போகும் நெடுஞ்சாலை ஓரமாக நடக்க வேண்டும். அந்தத் தூரத்துக்கு ஆட்டோக்காரர்கள் வரமாட்டார்கள். எனக்கு எந்த வாகனமும் ஓட்டத் தெரியாது. அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, நடையைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் கத்திதான் என்று டாக்டர் நேற்றுச் சொல்லியிருக்கிறார்.

விடுதிக்குப் போவதை நிறுத்து என்றேன். "பிள்ளைகளுக்கு மார்ச்சுல பரீட்சை. நிறுத்துனா அதுகளுக்கு யாரு இருக்கா?" என்றாள். பிறகு ஜன்னல் வழியே கிழக்குப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்க்க ஒன்றுமில்லை, வாசல்தான் இருக்கிறது.

மாலையில் பேச்சிமுத்து வந்தார். வெற்றிக்கு வாழ்த்து வாங்க வந்தவர் போலத் தெரியவில்லை. முழங்கால் சங்கதி எப்படியோ அவருக்கு எட்டியிருக்கிறது. ஒரு துண்டைச் சுருட்டி, காலின் கீழ் வைத்து அழுத்தி, இப்படிச் செய்யுங்க டீச்சர் என்று தம் காலிலேயே செய்து காட்டினார். எழுபது வயதில் அந்தக் கால் நன்றாக நீளுகிறது. கல்லூரியில் ஒரு முதல்வரை ஓடச் சொன்ன கதையைச் சொன்னார். உலகம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். நான் எதிரே அமர்ந்து தலையங்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரே தலையங்கத்தை.

அவள் அவரை "அண்ணாச்சி" என்கிறாள். எங்கள் மாவட்டத்தில் பலசரக்குக் கடைக்காரரையும் அப்படித்தான் அழைக்கிறோம். அதை ஆதாரமாகக் கொள்ள முடியாது.

டிசம்பர் 10, புதன்

பேச்சிமுத்துவின் செயற்குழு தன் முதல் தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றியிருக்கிறது. கிழக்கு வாசல் தினமும் காலை ஐந்து முதல் இரவு ஒன்பது வரை திறந்திருக்க வேண்டுமாம். நகல் மன்றத்துக்கு வந்துவிட்டது. கூடவே ஒரு பொட்டலம் அல்வா. அல்வாவைச் சவரிமுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

ஏகமனது என்பதே சந்தேகத்துக்குரியது. மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு வீட்டில் கொலுசு காணாமல்போன கோபத்தில், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் பூங்கா பெஞ்சுகளில் உட்காரக் கூடாது என்று அன்றைய செயற்குழு ஏகமனதாகத்தான் தீர்மானித்தது. கைதட்டல் வேறு. மன்றம் அதைத் தடுத்தது. சில நாளில் கொலுசு கட்டிலுக்கு அடியில் கிடைத்தது. அன்று உலகம்மாள் எனக்குக் கேசரி கிண்டித் தந்தாள். வாக்குக் கேட்டு வருபவன் வாசலில் நிற்பவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவான். யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியிராத மூன்று பேர் எங்காவது இருக்க வேண்டும். இதுதான் மேலவையின் நியாயம். இதை நான் இன்றும் நம்புகிறேன்.

வகுப்பில் சொல்லும் உவமையை இன்று உலகம்மாளிடமும் சொன்னேன். கீழவை டம்ளர், மேலவை டவரா. சூடான காப்பியை ஆற்றித் தருவதுதான் எங்கள் வேலை.

"ஆத்துங்க, ஆத்துங்க. ஆத்தி ஆத்திப் பச்சத்தண்ணி ஆயிரும்" என்றாள்.

காப்பி இன்று கொஞ்சம் ஆறித்தான் இருந்தது.

டிசம்பர் 13, சனி

பிற்பகலிலிருந்து மழை. நெடுஞ்சாலையில் தண்ணீர் தேங்கியிருப்பதாக இசக்கி சொன்னார். இருட்டும் நேரத்தில் உலகம்மாள் வீடு வந்தாள். பேச்சிமுத்துவின் மோட்டார் சைக்கிளில், பின்னால் அமர்ந்து, அவருடைய மழைக்கோட்டைப் போர்த்திக்கொண்டு. பேச்சிமுத்து நனைந்திருந்தார்.

"பாதி வழியில நின்னுட்டேன், கால் வரல. அண்ணாச்சி பாத்துட்டாக" என்றாள்.

நான் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன். குடை விரியவில்லை. இந்த வீட்டில் விரிகிற குடை ஒன்று இருந்தது. அதை யார் எடுத்தார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

அந்தக் கோட்டு இரவெல்லாம் எங்கள் வீட்டுக் கொடியில் காய்ந்தது. பெரிய அளவு.

டிசம்பர் 14, ஞாயிறு

மன்றம் கூடியது. பொருள்: கிழக்கு வாசல். நேற்றைய மழைக்கும் இன்றைய முடிவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதைப் பதிவுசெய்கிறேன்.

தீர்மானத்தால் என் மனைவிக்கு நேரடிப் பயன் உண்டு. ஆகவே நான் ஆதரித்தால் அது சுயநலம். எதிர்த்தால், வீட்டில் பகை இருப்பதாக ஊர் பேசும். நீண்ட யோசனைக்குப் பின், கறைபடாத ஒரே வழியாக நடுநிலை வகித்தேன். சவரிமுத்து சம்மதித்தார். அவர் வீட்டில் இன்னும் அல்வா இருக்கிறது. நெல்லையப்பன் ஆட்சேபித்தார். இருவர் சம்மதம் இல்லாததால் தீர்மானம் விழுந்தது.

நான் ஒன்றும் செய்யவில்லை. சட்டம் தன் வேலையைச் செய்தது.

வீட்டில் சொன்னேன். உலகம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "நெல்லையப்ப அண்ணாச்சி ஆட்சேபிச்சாகளாக்கும்" என்றாள். ஆமாம் என்றேன். கீரையில் காம்பு இல்லாமல் உருவுவது நேரம் பிடிக்கிற வேலை. அவள் முழுவதையும் உருவி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

டிசம்பர் 15, திங்கள்

மழை விட்டது. உலகம்மாள் இன்றும் சுற்றித்தான் போனாள்.

டிசம்பர் 21, ஞாயிறு

செயற்குழு அதே தீர்மானத்தை இரண்டாம் முறை நிறைவேற்றி அனுப்பியது. நான் இரண்டாம் முறை நடுநிலை வகித்தேன்.

மாலையில் பேச்சிமுத்து வந்தார். கோபமாக இருப்பார் என்று எதிர்பார்த்துச் சில மேற்கோள்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கோபமாக இல்லை. அதுவே ஒரு தந்திரம். நெல்லையப்பனின் மனைவியிடம் போய், அவர் சார்பாக ஒரு விலகல் கடிதம் தர முடியுமா என்று கேட்டாராம். "அவுக உசுரோட இருந்தப்பவே நான் சொல்லி எதையும் விட்டதில்ல" என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாராம். இதைச் சொல்லிவிட்டுப் பேச்சிமுத்துவே சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சார், நான் தப்புப் பண்ணுனா அடுத்த வருசம் என்னியத் தூக்கிருவாவ. நீங்க தப்புப் பண்ணுனா உங்கள எப்படித் தூக்க?"

"தூக்க முடியாது என்பதால்தான் நாங்கள் பயமின்றி யோசிக்கிறோம்" என்றேன்.

"யோசிங்க சார், வேண்டாங்கல. எத்தன நாளைக்குன்னு சொல்லிட்டு யோசிங்க. டீச்சர் கால் யோசிக்காதுல்லா."

என் மனைவியின் காலைப் பற்றி எனக்குத் தெரியும் என்றேன். அவர் எழுந்துகொண்டார். வாசலில் உலகம்மாள் அவருக்கு ஒரு சீப்பு பழம் கொடுத்தாள். எங்கள் வீட்டு வாழை. அந்தத் தாரின் முதல் சீப்பு.

டிசம்பர் 28, ஞாயிறு

செயற்குழு இப்போது விதித் திருத்தம் கொண்டுவந்திருக்கிறது. மூத்தோர் மன்றம் எந்தத் தீர்மானத்தையும் ஒரு மாதம் தாமதிக்கலாம், அதற்கு மேல் தடுக்க முடியாது என்று. விதித் திருத்தத்துக்கும் மன்றத்தின் சம்மதம் வேண்டும். இந்த முறை நான் நடுநிலை வகிக்கவில்லை, எதிர்த்தேன். தன் அதிகாரத்தைத் தானே குறைத்துக்கொண்ட மேலவை உலகில் எங்காவது உண்டா என்று கூட்டக் குறிப்பில் எழுதினேன். எழுதிய பிறகு ஒன்றிரண்டு நினைவுக்கு வந்தன. அவற்றைச் சேர்க்கவில்லை.

சவரிமுத்து சம்மதித்ததாகச் சொல்கிறார். அவருக்குக் கேள்வி கேட்டிருக்குமா என்பது ஐயம்.

மகன் ஹைதராபாத்திலிருந்து போன் செய்தான். அம்மாவிடம் நெடுநேரம் பேசினான். என்னிடம், "பார்த்துக்கங்கப்பா" என்று மட்டும் சொன்னான். எதை என்று சொல்லவில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

உலகம்மாள் கட்டிலில் பெட்டியை வைத்துச் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நூல் சேலைகள் மட்டும்.

"நாளைக்கு விடுதிக்குப் போறேன். பரீட்சை முடியுற வரைக்கும் அங்கனயே ஒரு ரூம் தாராவ. இனிமே சுத்தி நடக்க ஏலாது."

யாருடைய யோசனை என்று கேட்டேன். தன்னுடையதுதான் என்றாள். பேச்சிமுத்துவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவள் மடித்த சேலையை மறுபடி பிரித்து மடித்தாள்.

"இப்பவும் அதுதான் கேள்வியா?"

"நீ அவனுக்குத்தான் போட்டே. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம். எனக்குத் தெரியாதா?"

"நான் யாருக்கும் போடல. கிழக்கு கேட்டைத் திறங்கன்னு எழுதிப் போட்டேன். அதக் கையில எடுத்து, அத்தன பேரு முன்னாலயும் வாசிச்சு, செல்லாதுன்னது நீங்க." சேலையைப் பெட்டியில் வைத்துவிட்டு, "நாப்பத்திநாலு வருசம். எம் எழுத்து தெரியலயா உங்களுக்கு?"

காலைச் சாய்த்து நின்றபடி எழுதினால் யார் எழுத்தும் கோணலாகத்தான் வரும். இதை நான் சொல்லவில்லை, இப்போதுதான் தோன்றுகிறது.

அவள் குரல் உயரவில்லை. பிள்ளைகளுக்குக் கணக்கு விளக்குகிற குரல்தான். "அன்னைக்கு அந்த வேலைக்காரப் பொம்பளைகள பெஞ்சுல உக்காரக் கூடாதுன்னாக. தடுத்திய. யாருமில்லாதவுகளுக்கு ஒரு ஆள் வேணும், சரிதான்னு நானும் நெனச்சேன். இப்ப யாருக்காக நிக்கிய?"

மன்றம் யாருக்காகவும் நிற்பதில்லை, கோட்பாட்டுக்காக நிற்கிறது என்றேன்.

"சாவி மேல்தட்டுலதான கெடக்கு. தெனமும் தூசி தட்டுதேன். எடுத்துட்டுப் போயித் திறக்க எனக்கு எம்புட்டு நேரமாவும்? நீங்களாக் குடுப்பியன்னு இருந்தேன்."

சாவி மன்றத்தின் சொத்து, தனிநபர் இன்னொரு தனிநபருக்குக் கொடுக்க இயலாது என்ற நடைமுறையை விளக்கத் தொடங்கினேன். அவள் பெட்டியை மூடினாள். மூடி இறுக்கமானது, அதை அழுத்தும் சத்தத்தில் என் வாக்கியத்தின் பிற்பகுதி கேட்டிருக்காது.

எப்படியும், அவள் பேச்சிமுத்துவுக்கு வாக்களிக்கவில்லை என்பது உறுதியாகிவிட்டது. இன்றைய நாளில் அது ஒரு நல்ல செய்தி.

ஜனவரி 5, திங்கள்

உலகம்மாள் போனாள். பெட்டியைப் பேச்சிமுத்து தூக்கிப்போனார். நான் தூக்கலாம் என்று குனிவதற்குள் தூக்கிவிட்டார்.

பால் ஒரு லிட்டர் வந்தது. மீந்ததைத் தயிருக்கு உறை ஊற்றினேன்.

ஜனவரி 9, வெள்ளி

தயிர் நிறைய இருக்கிறது.

ஜனவரி 16, வெள்ளி

விடுதியில் பொங்கல் வைத்தார்களாம். ஒரு தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கல் அனுப்பியிருந்தாள். கொண்டுவந்தவர் பேச்சிமுத்து. விடுதிப் பிள்ளைகளுக்குக் காலையில் கைப்பந்து பழக்குகிறாராம். யாரும் அவரிடம் கேட்கவில்லை. தாமே போய்ச் சொல்லித்தருகிறார். தேர்ந்தெடுக்கப்படாத பொறுப்புகளை இவர் மட்டும் ஏற்கலாம் போலும்.

பொங்கலில் முந்திரி தாராளம். நன்றாக இருந்தது என்று எழுத நேர்வதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை.

ஜனவரி 25, ஞாயிறு

துணி காயப்போட மாடிக்குப் போனேன். மாடியிலிருந்து விடுதி முற்றம் தெரிகிறது. பிள்ளைகள் வலை கட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். பேச்சிமுத்து விசில் ஊதினார். உலகம்மாள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து புள்ளிகள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு சின்னப்பெண் ஓடிவந்து அவள் மடியில் தலைவைத்துவிட்டு மறுபடி ஓடினாள். யாரும் அவளிடம் கோட்பாடு எதுவும் பேசவில்லை.

இதற்குப் பிறகு மேலும் இருமுறை மாடிக்குப் போனேன். துணி ஈரமாகவே இருந்தது.

பிப்ரவரி 8, ஞாயிறு

தயிர் வீணாகிறது. இரண்டு தூக்குகளில் ஊற்றிக்கொண்டு விடுதிக்குப் புறப்பட்டேன். மேற்கு வாசல் வழியாகத்தான். சட்டம் எழுதியவனுக்கு வேறு வழி கிடையாது.

இந்தப் பாதையில் நான் இதற்கு முன் நடந்ததில்லை. ஓரத்தில் நடைபாதை இல்லை. லாரி கடக்கும்போது வேலியோடு ஒட்டி நிற்க வேண்டும். பாதி தூரத்தில் ஒரு மைல்கல் இருக்கிறது. உட்கார வசதியாக, மேல்புறம் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. நானும் உட்கார்ந்தேன். ஒரு லாரி கிளீனர் என்னைப் பார்த்து, "பெருசு, அந்த டீச்சரம்மா இப்பல்லாம் வாரதில்லையா? இங்கனதான உக்காந்திருப்பாவ" என்றான். வருவதில்லை என்றேன்.

விடுதியில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. உலகம்மாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே பார்த்தேன். கீழ்நோக்கிச் சாயும் எழுத்து. 'க'வில் ஒரு சுழி அதிகம். காவலாளியிடம் தயிரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். யார் தந்ததாகச் சொல்ல என்று கேட்டான். பால்காரர் என்று சொல்லச் சொன்னேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

மூத்தோர் மன்றத்தின் சிறப்புக் கூட்டம். கிழக்கு வாசல் தீர்மானம் மறுபடி எடுத்துக்கொள்ளப்பட்டது. என் மனைவி இப்போது காலனியில் வசிக்காததால் எனக்கு அதில் தனிப்பட்ட நலன் ஏதும் இல்லை. ஆகவே மனச்சாட்சிப்படி சம்மதிக்க இயன்றது. சவரிமுத்துவும் சம்மதித்தார். நெல்லையப்பனின் ஆட்சேபம் பதிவுசெய்யப்பட்டது.

உடனே அலமாரியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு நானே போனேன். பேச்சிமுத்துவும் இன்னும் சிலரும் வந்தார்கள். சாவி பூட்டுக்குள் போயிற்று, திரும்பவில்லை. தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தோம். உள்ளே முழுவதும் துரு. "இது எப்பமோ செத்துப்போச்சு சார்" என்றார் பேச்சிமுத்து. சம்மட்டி கொண்டுவந்து ஒரே அடியில் உடைத்தார்.

கதவு திறந்தது. எதிரே விடுதி. அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது மாடியிலிருந்து பார்த்தபோது தெரியவில்லை.

உலகம்மாளுக்குச் சொல்லி அனுப்பினேன். பேச்சிமுத்து மூலமாக அல்ல, இசக்கி மூலமாக. "நல்லது. பரீட்சை நெருங்குது, அப்புறம் வாரேன்" என்று பதில் வந்தது.

மார்ச் 8, ஞாயிறு

கிழக்கு வாசல் வழியாகப் போகிறவர்கள் பலர். வேலைக்கு வரும் பெண்கள், பஸ் பிடிக்கிறவர்கள், சவரிமுத்துவின் பேரன். ஒரு சைக்கிளும் திருடுபோகவில்லை. ஆனால் இரண்டு வாரம் என்பது முடிவுக்கு வரப் போதாத காலம்.

உலகம்மாளின் துண்டு, அந்த முழங்கால் துண்டு, கட்டிலுக்கு அடியில் சுருட்டியபடியே கிடந்தது. துவைத்து மடித்து வைத்தேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

பரீட்சைகள் முடிந்துவிட்டன. வீட்டைப் பெருக்கித் துடைத்தேன். தயிர் புளிக்காமல் இருக்கப் புதிதாக உறை ஊற்றினேன். காற்று நன்றாக வருகிறது என்பதால் நாற்காலியைக் கிழக்கு வாசல் அருகே போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படித்தேன். மாலை வரை காற்று வந்தது.

ஏப்ரல் 19, ஞாயிறு

உலகம்மாள் வந்தாள், கிழக்கு வாசல் வழியாக. நடையில் சாய்வு குறைந்திருக்கிறது. நான் காப்பி போட்டேன், சூடாகவே கொடுத்தேன். பெரிய குக்கர் வேண்டும் என்றாள். விடுதியில் உள்ளது சிறியதாம். அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கும் கணக்குச் சொல்லித்தர நிர்வாகம் கேட்டிருக்கிறது. ரூம் அப்படியே இருக்கட்டும் என்றார்களாம்.

"நீ என்ன சொன்னே?"

"சரின்னேன்."

வாசல்தான் திறந்துவிட்டதே, இங்கிருந்தே போய்வரலாமே என்றேன். அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"அங்க எல்லாரும் சேர்ந்து கேட்டாவ" என்றாள்.

குக்கரை நான் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனேன். அங்கிருந்து ஒரு பெண் பிள்ளை ஓடிவந்து வாங்கிக்கொண்டது.

ஏப்ரல் 20, திங்கள்

கிழக்கு வாசல் காலை ஐந்து மணிக்குத் திறந்தது. இசக்கி இப்போது அந்த வழியாகத்தான் வருகிறார். நாளையிலிருந்து பால் அரை லிட்டர் போதும் என்று அவரிடம் சொன்னேன்.